பாவ அறிக்கை

செய்த குற்றத்தைக் கடவுள் முன்னும் சபையின் முன்னும் சொல்லி மன்னிப்புக் கேட்கும் கிறிஸ்தவ வழிபாட்டு முறை. கத்தோலிக்கர் இதைப் பாவசங்கீர்த்தனம் என்பர். ஒப்புரவு அருட்சாதனம் என்பது இன்றைய வழக்கு. குற்றத்தை யார் காதில் சொல்வது என்ற கேள்விக்குத் திருச்சபை காலத்துக்கொரு விடை தந்திருக்கிறது.

முதல் நூற்றாண்டின் இறுதியையோ அடுத்ததன் தொடக்கத்தையோ சேர்ந்த 'டிடாக்கே', ஞாயிறுதோறும் அப்பம் பிட்கும் முன் பாவங்களை அறிக்கையிடச் சொல்கிறது. விசுவாச மறுதலிப்பு, கொலை, விபசாரம் போன்ற பெரும்பாவங்களுக்கு ஒழுங்கு கடுமையானது. கார்த்தேஜைச் சேர்ந்த தெர்த்துல்லியன் ஏறத்தாழ 203இல் அதை விவரிக்கிறார்: இரட்டு உடுத்தி, சாம்பலில் கிடந்து, மூப்பர்களின் காலில் விழுந்து, சபையாரின் மன்றாட்டைக் கேட்கவேண்டும். மறைவிடத்து நோயை மருத்துவரிடம் காட்ட நாணிச் சாகிறவர்களைப் போலப் பலர் இதைத் தள்ளிப்போடுவதாக அவரே கடிந்துகொள்கிறார். இந்த வாய்ப்பும் வாழ்நாளில் ஒருமுறைதான். ஆகவே பலர் மரணப்படுக்கைவரை காத்திருந்தனர்.

390இல் தெசலோனிக்காவில் நடந்த படுகொலைக்காகப் பேரரசர் தியோடோசியசும் மிலான் ஆலயத்தில் அரச அணிகளைக் களைந்து அழுதார். ஆயர் அம்புரோஸ் அவரை வாசலிலேயே மறித்த காட்சி ஓவியர்களுக்கு மிகவும் பிடித்தது. அது பிற்கால ஆசிரியர் ஒருவரின் கதை. உரோமைச் சீமாட்டி பபியோலா, முதல் கணவன் உயிரோடிருக்க மறுமணம் செய்ததற்காக லாத்தரன் பேராலயத்தில் தலைவிரி கோலமாக நின்றதை ஜெரோம் எழுதியிருக்கிறார். பேரரசரின் கண்ணீர் அரசியலாகவும் வாசிக்கப்பட்டது. பபியோலாவுக்கு அந்தக் கேடயம் இல்லை.

459இல் திருத்தந்தை முதலாம் லியோ, மனந்திரும்புவோரின் பாவப்பட்டியலைச் சபையில் உரக்க வாசிப்பதைத் தடைசெய்தார். வெட்கமும், பகைவர் அதைக்கொண்டு வழக்குத் தொடுப்பார்களோ என்ற அச்சமும் மக்களை விரட்டிவிடும் என்பது அவர் வாதம். இதற்கிடையே அயர்லாந்துத் துறவியர் மற்றொரு வழியை வளர்த்தனர். குருவிடம் தனியாகச் சொல்லலாம். எத்தனை முறையும் சொல்லலாம். இன்ன பாவத்துக்கு இத்தனை நாள் நோன்பு என்று கையேடுகளும் இருந்தன. மீண்டும் மீண்டும் பரிகாரம் பெறும் வழக்கத்தை 589இல் தொலேதோ சங்கம் கண்டித்தது. ஆனாலும் தனி அறிக்கையே நிலைத்தது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் அதை ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயமாக்கி, கேட்டதை வெளியிடும் குருவுக்குத் தண்டனையும் விதித்தது. தடுப்புப் பலகையுள்ள பாவசங்கீர்த்தனத் தொட்டி 16ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் சார்லஸ் பொரோமேயோவின் முயற்சியால் பரவியது. அதே நூற்றாண்டில், 1580இல், அண்டிரிக் அடிகளார் பாவசங்கீர்த்தனத்துக்கான தமிழ்க் கையேட்டைக் கொச்சியில் அச்சிட்டார். தமிழில் முதன்முதல் அச்சேறிய சில நூல்களுள் அதுவும் ஒன்று.

சீர்திருத்தச் சபைகள் குருவின் காதை விட்டு மீண்டும் சபைக்குத் திரும்பின, இரு வேறு விதமாக. இங்கிலாந்தின் 1552ஆம் ஆண்டு ஜெபப்புத்தகம் காலை ஆராதனையின் தொடக்கத்தில் பொது அறிக்கையைச் சேர்த்தது. எல்லாரும் சேர்ந்து சொல்வதால் எவர் குற்றமும் வெளிப்படாது. வெட்கப்படாமல் மனம் வருந்த இதைவிட மென்மையான ஏற்பாடு இல்லை. ஸ்காட்லாந்திலோ, குற்றவாளியை ஆராதனை வேளையில் தனி இருக்கையில் ஏற்றி எல்லார் கண்ணிலும் படவைத்தார்கள். திருமணத்துக்குப் புறம்பான உறவுக்காகக் கவிஞர் ராபர்ட் பர்ன்சும் 1786இல் சபைமுன் கண்டிக்கப்பட்டார்.

ஜான் வெஸ்லி 1738இல் வகுத்த சிறுகுழு விதிகள் இடைவழி ஒன்றைத் தேடின. ஒருசிலர் வாரந்தோறும் கூடி, சென்ற சந்திப்புக்குப் பின் செய்த பாவங்களை ஒருவருக்கொருவர் சொல்லவேண்டும். 1930களில் ருவாண்டாவின் கஹினியிலிருந்து பரவிய கிழக்கு ஆப்பிரிக்க எழுப்புதலில், கூட்டத்தின் நடுவே எழுந்து குற்றத்தைச் சொல்வது விசுவாசத்தின் அடையாளமாகவே ஆனது.

கத்தோலிக்கத் திருச்சபை 1973இல் வெளியிட்ட புதிய சடங்குமுறை, அவசர நிலைகளில் திரளானோருக்கு ஒருங்கே பாவமன்னிப்பு வழங்க இடமளிக்கிறது. ஆனால் அவ்வாறு மன்னிப்புப் பெற்றவரும் தம் சாவான பாவங்களைப் பின்னர் ஒரு குருவிடம் தனியாகச் சொல்லியாகவேண்டும்.