திரும்ப வாங்க முடியாத 110 புள்ளிகள்: டயாப்லோ 2-இல் 'பில்டு' வளர்ந்த கதை

2010 மார்ச்சில் டயாப்லோ 2 கேமுக்கு 1.13 பேட்ச் வந்தது. அதில் ஒரு சின்ன வசதி. முதல் அத்தியாயத்தில் அகாரா என்று ஒரு பூசாரி அம்மா இருப்பார். அவர் சொல்லும் முதல் வேலையை முடித்துவிட்டுப் போனால், நாம் அதுவரை போட்ட திறன் புள்ளிகள், ஸ்டாட் புள்ளிகள் எல்லாவற்றையும் கழற்றித் திரும்பக் கையில் கொடுத்துவிடுவார். நார்மல், நைட்மேர், ஹெல் என்று மூன்று கடினநிலைகளிலும் தலா ஒரு முறை.

கேம் வெளியானது 2000 ஜூன் மாதக் கடைசியில். கிட்டத்தட்ட பத்து வருஷம் இந்த வசதி கிடையாது. ஒரு புள்ளியை ஒரு திறனில் போட்டாச்சுன்னா போட்டதுதான். தப்பான இடத்தில் போட்டால் அந்தக் கதாபாத்திரத்தை அழித்துவிட்டு முதல் லெவலில் இருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நூறு மணி நேரம் ஆடி வளர்த்த ஆளாக இருந்தாலும் அதே கதிதான். இன்றைக்கு எந்த ஆர்பிஜி கேமை எடுத்தாலும் 'பெஸ்ட் பில்டு' என்று தேடுகிறோமே, அந்தப் பழக்கத்துக்குப் பல ஊற்றுகள் உண்டு. அதில் பெரிய ஊற்று இந்தப் பத்து வருஷத்துப் பயம் என்பது என் எண்ணம்.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 'பில்டு' என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மூன்று பகடையை உருட்டுவார்கள். வரும் எண்தான் உங்கள் பலம். மறுபடி உருட்டினால் புத்தி. இப்படி ஆறு குணங்கள், ஒவ்வொன்றும் 3-லிருந்து 18-க்குள். சண்டைக்காரன், மந்திரக்காரன், கிளெரிக் என்று மூன்றே வகுப்புகள். விழுந்த எண்ணைப் பார்த்து எந்த வகுப்பு என்று முடிவு செய்வதோடு பெரிய தேர்வு முடிந்தது. ரம்மியில் கைக்கு வந்த சீட்டை வைத்து ஆடுவதுபோல. 1979-இல் வந்த நடுவர் கையேட்டில் நான்கு பகடை உருட்டி மிகக் குறைந்ததைக் கழித்துவிடலாம் என்று கொஞ்சம் தாராளம் காட்டினார்கள். அப்போதும் பகடைதான் எஜமான்.

1981-இல் சாம்பியன்ஸ் என்ற மேசை விளையாட்டில், உங்களிடம் இத்தனை புள்ளி, கடையில் சாமான் வாங்குவதுபோல வேண்டிய சக்தியை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதே வருஷம் கம்ப்யூட்டரில் வந்த விசார்ட்ரி வேறு வழியில் போனது. அதிர்ஷ்டத்துக்கு ஏற்ப போனஸ் புள்ளி தரும். பெரிய எண் வரும் வரைக்கும் ஜனங்கள் பொறுமையாக ஆளை உருவாக்கி, அழித்து, உருவாக்கி, அழித்து உட்கார்ந்திருந்தார்கள். திறமையான பில்டு என்பதற்கு அன்றைய அர்த்தம் பொறுமை.

1996 டிசம்பர் கடைசியில் வந்த முதல் டயாப்லோவிலும் மூன்று வகுப்புகள். ஆனா மந்திரப் புத்தகம் கிடைத்து, மேஜிக் எண்ணும் போதுமானதாக இருந்தால் வீரனும் அதே மந்திரத்தைக் கற்கலாம். வகுப்பு என்பது ஒரு சாய்வு, அவ்வளவுதான்.

டயாப்லோ 2-இல் பிளிஸர்ட் நார்த் குழு இதைத் தலைகீழாக மாற்றியது. திறன் மரம் என்ற யோசனைக்கு சிவிலைசேஷன் கேமின் தொழில்நுட்ப மரம்தான் தூண்டுதல் என்று டேவிட் பிரெவிக் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு வகுப்புக்கு 30 திறன்கள், மூன்று பக்கங்களில் பத்துப் பத்தாக. 1, 6, 12, 18, 24, 30 என்ற லெவல்களில் படிப்படியாகத் திறக்கும். மேலே இருப்பது வேண்டும் என்றால் கீழே இருப்பதில் புள்ளி போட்டுத்தான் ஏற வேண்டும். சார்சரஸுக்கு ஃப்ரோஸன் ஆர்ப் வேண்டுமா? ஐஸ் போல்ட்டில் தொடங்கி பிளிஸர்ட் வரை ஐந்து திறன்களில் தலா ஒரு புள்ளி அழ வேண்டும்.

இப்போ கணக்கைப் பாருங்க. லெவலுக்கு ஒரு புள்ளி. 99 தான் உச்சம் என்பதால் 98 புள்ளி. கதையின் வேலைகளை முடித்தால் ஒரு கடினநிலைக்கு 4, மூன்றுக்கும் சேர்த்து 12. ஆக 110. ஒரு திறனில் போடக்கூடியது 20. அதாவது, வாழ்நாள் முழுக்க உழைத்தாலும் முப்பது திறன்களில் ஐந்தை மட்டும் முழுசாக நிரப்பலாம். 99-ஐத் தொடுவதோ பெரும்பாடு. பெரும்பாலானோர் எண்பதுகளோடு நின்றுவிடுவார்கள், அப்படியானால் நான்குதான். இந்தப் பற்றாக்குறையில்தான் திட்டமிடுதல் பிறக்கிறது. காசு நிறைய இருப்பவன் பட்ஜெட் போடுவதில்லை.

முதல் மூன்று வருஷம் (2000–2003) ஆடியவர்களின் வழக்கம் இன்று பார்த்தால் விசித்திரமாக இருக்கும். புள்ளிகளைச் செலவு செய்யாமல் சேர்த்து வைப்பார்கள்! காரணம் உண்டு. அன்று கீழ்த்தட்டுத் திறன்கள் ஹெல்லில் ஒன்றுக்கும் உதவாது. மேலே உள்ளவையோ 24, 30 லெவலில்தான் திறக்கும். திறந்த பிறகும் ஒரு லெவலுக்கு ஒரு புள்ளிதான் அதில் ஏற்ற முடியும். 30-இல் திறக்கும் திறன் நிரம்ப 49-ஆம் லெவல் ஆகிவிடும். சேமிப்பு இருந்தால் ஒரே சமயத்தில் இரண்டு திறன்களை இணையாக ஏற்றலாம். அதனால் இருபது லெவல் வரைக்கும் வெறும் கையோடு, கூலிக்கு வைத்த துணையாளின் பின்னால் ஒளிந்துகொண்டு வளர்ந்தவர்கள் ஏராளம். பின்னால் பலமாக இருப்பதற்காக முன்னால் பட்டினி கிடப்பது. திறமையான வழிதான், சந்தேகமில்லை. விளையாட்டு என்று சொல்ல முடியுமா என்பது வேறு விஷயம்.

ஸ்டாட் புள்ளிகளில் நடந்தது இன்னும் சுவாரசியம். லெவலுக்கு ஐந்து புள்ளி. ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, வைட்டாலிட்டி, எனர்ஜி. சார்சரஸ் பிறக்கும்போதே எனர்ஜி 35, வைட்டாலிட்டி வெறும் 10. மந்திரக்காரி, மந்திரத்துக்கு மானா வேண்டும், மானாவுக்கு எனர்ஜி வேண்டும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? திரையும் அப்படித்தான் நம்மை நடத்திச் செல்கிறது. ஆனா அனுபவத்தில் ஊறிய ஆட்டக்காரர்கள் வந்து சேர்ந்த விதி இதுதான்: அணியும் பொருளுக்குத் தேவையான அளவு ஸ்ட்ரெங்த், கேடயம் வேலை செய்யத் தேவையான அளவு டெக்ஸ்டெரிட்டி, மிச்சம் எல்லாம் வைட்டாலிட்டி, எனர்ஜிக்குப் பூஜ்யம்.

ஏன்? மானா தீர்ந்தால் நீலக் குப்பியைக் குடிக்கலாம், வார்ம்த் திறன் ஊறவைக்கும், பொருட்கள் தரும். உயிர் தீர்ந்தால் தீர்ந்தது. ஒன்றுக்கு மாற்று இருக்கிறது, மற்றதற்கு இல்லை. அந்த விதியின் முழு நியாயமும் இதற்குள் அடங்கிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு நண்பர் அறுபது லெவல் வரை எனர்ஜியை ஏற்றிக்கொண்டே போனார். நீல உருண்டை குளம்போல நிறைந்திருக்கும். ஆள் ஒரே அடியில் விழுந்துவிடுவாள். 2004-இல் அவருக்கு இருந்த ஒரே வழி அழித்துவிட்டு மறுபடி தொடங்குவது. அவர் கேமையே விட்டுவிட்டார்.

கேடயக் கணக்கும் இதே ரகம். எதிரியின் அடியைத் தடுக்கும் வாய்ப்பு 75 சதவீதத்துக்கு மேல் போகாது. டெக்ஸ்டெரிட்டியில் 15-ஐக் கழித்து, கேடயத்தின் எண்ணால் பெருக்கி, லெவலின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். வகுக்கும் இடத்தில் லெவல் இருப்பதைக் கவனியுங்கள். நீங்கள் வளர வளர தடுப்பு தானாகவே தேய்ந்துகொண்டு வரும். அதே 75-இல் நிற்க வேண்டுமானால் ஒவ்வொரு லெவலிலும் டெக்ஸ்டெரிட்டிக்கு வாடகை கட்ட வேண்டும். ஒருமுறை செத்தால் ஆளே போய்விடும் ஹார்ட்கோர் முறையில் ஆடியவர்கள் பலர் இந்த வாடகையைக் கட்டினார்கள். மற்றவர்களில் பலர் அந்தப் புள்ளியையும் உயிருக்கே போட்டார்கள். இரண்டு தரப்பும் சரியான கணக்கோடுதான் பேசினார்கள். 'திறமையான பில்டு' என்பதற்கு அளவுகோல் ஒன்று இல்லை என்பது அந்த வாதங்களிலேயே தெரிந்தது.

கேம் வாயைத் திறந்து சொல்லாத விஷயங்களும் இருந்தன. டயாப்லோ 2 ஒரு நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் ஓடுகிறது. சார்சரஸ் ஒரு மந்திரம் போட 13 ஃபிரேம். வேகம் கூட்டும் மோதிரம், தாயத்து எல்லாம் போட்டால் குறையும். ஆனா அரை ஃபிரேம் என்று ஒன்று கிடையாது, இல்லையா? அதனால் வேகம் படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. கூடுதல் வேகம் 63 சதவீதம் ஆனால் 9 ஃபிரேம். அடுத்த படி 105-இல், 8 ஃபிரேம். (லைட்னிங் மந்திரங்களுக்குத் தனிப் பட்டியல்.) நடுவில் 64 ஆனாலும் 104 ஆனாலும் அதே 9 தான். 104 வைத்திருப்பவர் 41 சதவீதத்தைச் சும்மா சுமந்துகொண்டு திரிகிறார். இதைத் திரையில் எந்த மூலையிலும் பார்க்க முடியாது. கோப்புகளைக் குடைந்து, எண்ணிப் பார்த்து, பட்டியல் போட்டு எல்லோருக்கும் கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்கள். பழைய கேம்களின் வரலாற்றில் இவர்களைத்தான் நான் முதலில் வைப்பேன்.

என் மனக்குறையும் இங்கேதான். திரும்பப் பெற முடியாத தேர்வு வையுங்கள், தப்பில்லை. தேர்வுக்குத் தேவையான தகவலையும் சேர்த்து மறைத்தால் அது தேர்வு இல்லை, கண்ணைக் கட்டிவிட்டு ஆற்றில் இறக்குவது.

2003 அக்டோபரில் 1.10 பேட்ச். பிரெவிக்கும் ஷேஃபர் சகோதரர்களும் நிறுவனத்தை விட்டுப் போய் சில மாதங்களே ஆகியிருந்தன. சினர்ஜி என்ற புது விதி இதில் வந்தது. ஒரு திறனில் போடும் புள்ளி தொடர்புடைய இன்னொரு திறனுக்கும் பலம் சேர்க்கும். நோக்கம் நல்லதுதான்: கீழ்த்தட்டுத் திறன்கள் வீணாகப் போகக்கூடாது, சிறு வயதில் யாரும் பட்டினி கிடக்கக்கூடாது. ஆனா கூடவே ஹெல்லின் அசுரர்களையும் பலமாக்கிவிட்டார்கள். அந்த அடியைத் தாங்க சினர்ஜி கட்டாயம் ஆனது. பொருளிலிருந்து வரும் புள்ளி பொதுவாகச் சினர்ஜிக்குச் செல்லாது, சொந்தப் புள்ளிதான் செல்லும். ஆக, ஒரே ஒரு தாக்குதலுக்கு மூன்று நான்கு திறன்களை நிரப்ப வேண்டிய நிலை. 110 புள்ளிகள் கரைந்து போயின. பன்முகத்தை வளர்க்க வந்த விதி ஒருமுகத்தை வளர்த்தது.

சிறந்த உதாரணம் பாலடினின் பிளெஸ்ட் ஹேமர். அதில் 20, அதற்கு வலுவூட்டும் கான்சன்ட்ரேஷனில் 20, சினர்ஜி தரும் விகர், பிளெஸ்ட் எய்ம் இரண்டிலும் தலா 20. வழியில் வரும் திறன்களையும் சேர்த்தால் 80-க்கு மேல். சுழன்று வரும் அந்தச் சுத்தியல் நெருப்போ பனியோ மின்னலோ இல்லாத மேஜிக் வகை. அதற்குத் தடுப்பு உள்ள அசுரர்கள் மிகக் குறைவு. போதாக்குறைக்கு இதே பேட்சில் எனிக்மா என்ற கவசம் வந்து, சார்சரஸுக்கு மட்டுமே இருந்த டெலிபோர்ட்டை யார் வேண்டுமானாலும் போடலாம் என்றாக்கியது. தாவிப் போய் நடுவில் நின்று சுத்தியலைச் சுழற்றினால் வேலை முடிந்தது. 'ஹேமர்டின்' என்று செல்லப்பெயரே வந்துவிட்டது. பொது ஆட்டங்களில் எட்டுப் பேர் சேர்ந்தால் அதில் பாதி இவர்களாக இருக்கும் காலமும் உண்டு. எனக்கு அந்த பில்டு அலுப்புத் தட்டும். ஆனா வலிமையைக் குறை சொல்ல வாய் வராது.

இதற்கு எதிர்த்திசையில் நின்றது 'மீட்டியார்ப்': மீட்டியோர் ஒரு கையில், ஃப்ரோஸன் ஆர்ப் மறு கையில். ஃப்ரோஸன் ஆர்ப்புக்கு ஐஸ் போல்ட்டிலிருந்து மட்டும், அதுவும் புள்ளிக்கு 2 சதவீதம்தான் சினர்ஜி. அந்தக் கஞ்சத்தனமே இதற்கு வசதியானது! அதை நிரப்புவதில் பெரிய லாபம் இல்லை என்பதால் மிச்சப் புள்ளிகளை நெருப்புப் பக்கம் திருப்பலாம். பனி ஏறாத அசுரனுக்கு நெருப்பு, நெருப்பு ஏறாதவனுக்குப் பனி. எதிலும் முதலிடம் கிடையாது, எங்கேயும் மாட்டிக்கொள்ளவும் மாட்டாள். விலையுயர்ந்த பொருள் எதுவும் இல்லாமல் தனியாக ஆடுகிறவருக்கு இன்றைக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

1.10-ஆல் அடிபட்டவர்கள் பழைய ஆள்களை வைத்திருந்தவர்கள். அன்றைய விதிப்படி கச்சிதமாகப் புள்ளி போட்டவர்கள், விதி மாறிய மறுநாள் தப்பாகப் போட்டவர்கள் ஆனார்கள். புள்ளிகளைத் திரும்பக் கேட்க அகாராவிடம் அப்போது வசதி இல்லை.

மற்ற கேம்கள் அதற்குள் வழி கண்டுவிட்டன. 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் காசு கொடுத்தால் திறன்களைக் கலைத்துப் போடலாம். 1 பொற்காசில் தொடங்கி 50 வரை ஏறும். 1.13-க்குப் பிறகு டயாப்லோ 2-இலும் அகாராவின் மூன்று இலவசம் தீர்ந்தால் வேறு வழி வந்தது. ஹெல்லின் பெரிய அசுரர்களிடமிருந்து நான்கு வகைச் சாரங்களைச் சேர்த்துப் பெட்டியில் போட்டால் ஒரு டோக்கன் கிடைக்கும். மன்னிப்பு உண்டு, அதற்கு உழைக்க வேண்டும். 2012-இல் டயாப்லோ 3 மறுகோடிக்குப் போய் ஸ்டாட் புள்ளியையே எடுத்துவிட்டது. திறன்களைச் சட்டை மாற்றுவதுபோல மாற்றலாம். தப்பே செய்ய முடியாது என்ற இடத்தில் 'இது என் ஆள்' என்ற பிடிப்பும் எனக்குக் குறைந்துபோனது. 2013-இல் நியூசிலாந்திலிருந்து வந்த பாத் ஆஃப் எக்ஸைல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முடிச்சுகள் கொண்ட ஒரு ராட்சச மரத்தை வைத்தது. அதில் ஒரு புள்ளியைப் பின்வாங்கப் பயன்படும் உருண்டைக்கு அவர்கள் வைத்த பெயர் ஆர்ப் ஆஃப் ரிக்ரெட், அதாவது வருத்த உருண்டை.

2021 செப்டம்பரில் டயாப்லோ 2 புதுப்பிக்கப்பட்டு வந்தபோது அகாராவும் டோக்கனும் அப்படியே இருந்தன. மரத்திலும் கை வைக்கவில்லை. 2022-இல் வந்த 2.4 பேட்சில்தான் திறன்களைத் தொட்டார்கள். அதற்கு முன்பு மீட்டியோரைப் போட்டால் அதன் காத்திருப்பு நேரம் முடிகிற வரை ஃப்ரோஸன் ஆர்ப்பையும் போட முடியாது. அந்தப் பூட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் காத்திருப்பு கொடுத்தார்கள். சுமார் இருபது வருஷம் கழித்து மீட்டியார்ப் சார்சரஸ் இரண்டு கையையும் அடுத்தடுத்து வீச ஆரம்பித்தாள்.