பட்டினி கிடந்தாலும் மெலியாத கால்: முற்றிய லிப்பிடீமாவின் வலியைத் தணிக்கும் உணவு

இரண்டு கால்களும் தடித்துப்போன ஒரு பெண்ணைக் கண்டால் நம்மவர் வாயில் இரண்டு பேச்சு வரும். ஒன்று, "யானைக்கால்". மற்றது, "சாப்பாட்டைக் குறை". இரண்டுமே பிழையாகிப்போகும் நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் லிப்பிடீமா.

இடுப்பு முதல் கணுக்கால் வரை, இரு பக்கமும் ஒரே அளவில், தோலுக்குக் கீழே கொழுப்புப் படிந்து வலிக்கும் நோய் இது. அநேகமாகப் பெண்களுக்கே வருகிறது. பருவமடையும் காலம், கர்ப்பகாலம், மாதவிடாய் நிற்கும் காலம் ஆகியவற்றில் தொடங்கும் அல்லது கூடும். பல குடும்பங்களில் தாய்க்கும் மகளுக்கும் இருக்கும். அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த அலன், ஹைன்ஸ் என்ற இரு வைத்தியர்கள் 1940இல் இதை விபரித்தார்கள். ஆனாலும் இன்றுவரை வெறும் உடற்பருமன் என்றே பலருக்குச் சொல்லி அனுப்பப்படுகிறது.

யானைக்காலா, வேறா?

யானைக்கால் நுளம்பால் பரவும் புழுவினால் வருவது. இலங்கையில் மேல், தென், வடமேல் மாகாணங்களே அது பரவியிருந்த பகுதிகள். மாத்தளை மாவட்டம் அவற்றுள் அடங்கவில்லை. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அந்நோயை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியது. யானைக்காலில் பாதமும் விரல்களும் வீங்கும். ஒரு கால் மற்றதைவிடப் பெரிதாக இருப்பதும் வழமை. லிப்பிடீமாவில் பாதம் சாதாரணமாகவே இருக்கும். கணுக்காலில் வளையம் போட்டதுபோலத் தடிப்பு நின்றுவிடும். அழுத்தினால் நோகும். சிறு அடிக்கும் கன்றிப்போகும்.

போரில் காயப்பட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செல் துண்டு, சத்திரசிகிச்சை, பழைய எலும்பு முறிவு காரணமாக ஒரு கால் மட்டும் வீங்குவது லிப்பிடீமா அல்ல. நிணநீர்ப் பாதையோ இரத்தநாளமோ பாதிக்கப்பட்டிருக்கலாம். ஒரு கால் திடீரென வீங்கி நொந்தால் இரத்தக்கட்டியாக இருக்கக்கூடும். அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நோய் முற்றும்போது தொடையிலும் முழங்காலைச் சுற்றியும் கொழுப்பு மடிப்புகளாகத் தொங்கும். நடை மாறும், முழங்கால் தேயும். நிணநீரும் தேங்கினால் அதுவரை வீங்காதிருந்த பாதமும் வீங்கத் தொடங்கும்.

பட்டினி ஏன் உதவாது?

இந்தக் கொழுப்பு, உணவைக் குறைப்பதால் எளிதில் கரைவதில்லை. முகமும் மார்பும் வற்றிப்போகும். கால் அப்படியே இருக்கும். இடம்பெயர்வையும் நிவாரண வரிசையையும் கண்ட எம் சமூகம் இதை விளங்கிக்கொள்வது அவசியம். எல்லோரும் மெலிந்த காலத்தில் ஒருத்தியின் கால் மட்டும் மெலியவில்லை என்றால், அவள் ஒளித்துச் சாப்பிட்டாள் என்று பொருளில்லை. பட்டினி கிடந்தால் தசையும் கரையும். தசை போனால் தேய்ந்த முழங்காலைத் தாங்க ஒன்றுமில்லை.

அப்படியானால் உணவால் என்ன பயன்? வலியைக் குறைக்கலாம். நீர் தேங்குவதைக் குறைக்கலாம். லிப்பிடீமாவின் மேல் சாதாரண உடற்பருமனும் சேர்ந்து முழங்காலை நசுக்காமல் தடுக்கலாம்.

நோர்வேயில் 70 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2024இல் வெளியானது. இரு பிரிவினருக்கும் 8 வாரங்களுக்கு நாளொன்றுக்கு 1200 கலோரி உணவு. ஒரு பிரிவினருக்கு மட்டும் மாப்பொருள் 75 கிராமாகக் குறைக்கப்பட்டது. வலி குறைந்தது அந்தப் பிரிவினருக்குத்தான். எவ்வளவு எடை குறைந்தது என்பதோடு வலி குறைந்ததற்குத் தொடர்பும் காணப்படவில்லை. ஆய்வு சிறியது, காலமும் குறுகியது. கண்காணிப்பில் நடந்த அந்த 1200 கலோரியை வீட்டில் தனியாகப் பின்பற்றக் கூடாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, மாப்பொருளைக் குறைப்பதால் வலி குறையலாம் என்பதை மட்டுமே.

ரொட்டியும் தேநீரும்

75 கிராம் மாப்பொருள் என்றால் எவ்வளவு? 100 கிராம் கோதுமை மாவில் மட்டும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது. காலையில் சாப்பிடும் இரண்டு மூன்று ரொட்டியிலேயே அந்த ஆய்வின் நாளளவு முடிந்துவிடும். உக்குவளை, இரத்தோட்டை, எல்கடுவப் பக்கத் தோட்டங்களில் மலையேறி வேலை செய்யும் பெண்ணுக்கு ரொட்டியும் சம்பலும்தான் மலிவான, வயிற்றைத் தாங்கும் உணவு. 1977, 1983 வன்முறைகளின் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்த குடும்பங்களின் அடுப்பிலும் அதுவே. நிவாரணப் பொதிகளிலும் அரிசி, மா, சீனியே முதலிடம். ஆகவே "ரொட்டியை விடு" என்றால் நடக்காது. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதே வழி.

முதலில் சீனி. இரண்டு கரண்டி சீனியுடன் நாளுக்கு ஐந்து தேநீர் என்றால் 10 தேக்கரண்டி, அதாவது சுமார் 40 கிராம். 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். கித்துள் பாணி, கருப்பட்டி, தேன் எல்லாம் சீனிக் கணக்கில்தான் சேரும்.

இரண்டாவது ரொட்டி. மூன்று சாப்பிடுபவர் ஒன்றாகக் குறைத்து, அந்த இடத்தை அவித்த கடலை, பயறு, முட்டை, நெத்தலி போன்றவற்றால் நிரப்பலாம். கடலையிலும் பயறிலும் மாப்பொருள் இருந்தாலும் நாரும் புரதமும் சேர்ந்திருக்கின்றன. குரக்கன் கோதுமை மாவைவிட நல்லதுதான், ஆனால் அதிலும் மாப்பொருள் நிறைய உண்டு, அளவு முக்கியம். மரவள்ளி, ஈரப்பலா, பலாக்கொட்டை ஆகியவற்றைச் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடலாம், சோற்றோடு சேர்த்து வேண்டாம்.

மூன்றாவது தட்டு. பாதி கீரையும் மரக்கறியும்: வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை இலை, போஞ்சி, கோவா, புடலங்காய், வாழைப்பூ. கால்வாசி மீன், முட்டை, பருப்பு அல்லது சோயா. மீதிக் கால்வாசி சோறு.

நான்காவது உப்பு. நாளுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டிக்குள். கருவாடு, ஊறுகாய், சூப் கட்டி, பைக்கற் நூடில்ஸ் எல்லாவற்றிலும் உள்ள உப்பும் இதில் அடங்கும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, நீரை ஊற்றிவிட்டுச் சமைக்கலாம்.

மிளகு, மஞ்சள், கறுவா மாத்தளையின் பெருமை. கறிக்குப் போடும் அளவில் அவற்றால் கெடுதல் இல்லை. ஆனால் காலின் கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கப்படும் எண்ணெய்க்கோ தூளுக்கோ பணத்தைக் கொடுக்க வேண்டாம். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியுள்ளது.

யார் அவதானமாக இருக்க வேண்டும்?

இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் மாப்பொருளைக் குறைக்கக் கூடாது. இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வில்கமுவ, வவுனியா போன்ற சிறுநீரக நோய் பரவலாக உள்ள பகுதிகளில் வாழ்பவர்கள், புரத உணவைக் கூட்டுமுன் சிறுநீரகப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இந்த மாற்றங்களைத் தாமாகத் தொடங்க வேண்டாம். சிறுநீரைக் கூட்டும் மாத்திரை லிப்பிடீமாக் கொழுப்பைக் குறைக்காது. கடையில் வாங்கிக் குடிக்க வேண்டாம்.

எதை அளப்பது?

தராசை மட்டும் நம்பினால் மனம் சோர்ந்துவிடும். ஒரு கொப்பியில் கிழமைக்கு ஒருமுறை எழுதுங்கள்: வலி பத்துக்கு எத்தனை, நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடிந்தது, தையல் நாடாவால் அளந்தால் கெண்டைக்காலும் தொடையும் எவ்வளவு. இரண்டு மாதத்தில் வலி இறங்கினால், எடை குறையாவிட்டாலும் உணவு வேலை செய்கிறது. மாற்றமில்லை என்றாலும் அது உங்கள் குற்றமல்ல. எல்லோருக்கும் இது பலிப்பதில்லை.

உணவு மட்டும் போதாது. அளவெடுத்து அணியும் அழுத்தக் காலுறை, முடிந்த அளவு நடை, மடிப்புகளைக் கழுவி ஈரமில்லாமல் வைத்திருப்பது ஆகியவையும் வேண்டும். தோல் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் கிருமித்தொற்று. தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சத்திரசிகிச்சையும் உண்டு. ஜெர்மனியில் மூன்றாம் நிலை நோயாளருக்கு 2020இல் அரச மருத்துவக் காப்புறுதி அதற்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. புலம்பெயர்ந்த உறவுகள் அங்கிருந்தால் இதைத் தெரியப்படுத்தலாம்.

மாத்தளையில் இருப்பவர்கள் மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தேவையென்றால் கண்டிக்கு அனுப்பும்படி கேட்கலாம். சிங்களம் தெரியாதவர்கள் நோயின் பெயரை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோவது உதவும். எந்த வயதில் தொடங்கியது, அம்மாவுக்கும் இப்படி இருந்ததா, பாதம் வீங்குகிறதா, தொட்டால் நோகிறதா ஆகிய நான்கையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நோயை அடையாளம் காண வைத்தியருக்கு முதலில் தேவைப்படுவது இவைதான்.