நகரச் சாலையில் சிக்னலும் பயண வேகமும்: கோவில்பட்டி

கடந்த தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் வருவது பயண வேகம். நின்ற நேரமும் அந்தக் கணக்கில் சேரும். வண்டியின் மீட்டரில் அது தெரியாது. 3 கி.மீ. தூரத்தை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கடக்க நாலரை நிமிடம் ஆகும். வழியில் மூன்று சிக்னல்களில் 40 நொடி வீதம் நின்றால் ஆறரை நிமிடம். சராசரி 28 கி.மீ.க்கும் கீழே போய்விடும். முறுக்கி 50-இல் ஓட்டினாலும் மிச்சமாவது 54 நொடிதான்.

தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் ஊரான கோவில்பட்டியில் மீட்டர் வேகத்துக்கும் பயண வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சில நிமிட இடைவெளியில் பார்க்கலாம். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 (பழைய எண் 7) ஊரை ஒட்டி நான்குவழிச் சாலையாகப் போகிறது. அத்தகைய சாலையில் காருக்கு மணிக்கு 100 கி.மீ., நகராட்சிச் சாலைகளுக்கு 70 என மத்திய அரசு 2018-இல் உச்ச வரம்பு வகுத்தது. ஊருக்குள் மெயின் ரோட்டைப் பொறுத்தவரை அந்த 70 ஏட்டுச் சுரைக்காய். எட்டயபுரம், பசுவந்தனை, கடலையூர், இளையரசனேந்தல் எனப் பல திக்குகளிலிருந்தும் ஊருக்குள் சாலைகள் வருகின்றன. தீப்பெட்டி ஆபீசுக்கு ஆள் ஏற்றும் வேன், மினி பஸ், டிராக்டர், ஷேர் ஆட்டோ, பைக் எல்லாம் ஒரே தாரில்தான் ஓடியாக வேண்டும்.

இந்தக் கலவையை எண்ண இந்தியச் சாலைப் பேராயம் எல்லாவற்றையும் கார் அலகுக்கு மாற்றுகிறது. அதன் 1990-ஆம் ஆண்டு நகரச் சாலை வழிகாட்டியில் கார் 1, பைக் 0.5 முதல் 0.75, பஸ், லாரி 2.2 முதல் 3.7, டிரெய்லர் பூட்டிய டிராக்டர் 4 முதல் 5. ஒரு பக்கம் ஏழு மீட்டர் அகலமான சாலையில் பச்சை விழுந்தபின் நொடிக்கு ஏறத்தாழ ஒரு கார் அலகு வெளியேறும் என்பது சிக்னல் வடிவமைப்பில் வழங்கும் கணக்கு. அப்படியானால் 20 நொடிப் பச்சையில் ஒரு டிராக்டர் மட்டும் நான்கைந்து நொடியை விழுங்கிவிடுகிறது. (சந்திப்புக்கான அலகு மதிப்புகள் சற்று மாறும், நிலைமை மாறாது.) பைக்குகளோ சிவப்பின்போதே சந்து பார்த்து நுழைந்து முன்வரிசைக்கு வந்துவிடும். பச்சை விழுந்ததும் அவை கொத்தாகக் கிளம்பும். ஒழுங்கு மீறல் என்று திட்டினாலும், அந்த முதல் நொடிகள் வீணாகாமல் போவதற்கு அவையும் ஒரு காரணம்.

பச்சை நேரத்தைக் கூட்டு என்பது டீக்கடை வாதம். பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஃப். வி. வெப்ஸ்டர் சிக்னலின் ஒரு முழுச் சுற்று எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதற்கு 1958-இல் ஒரு சூத்திரம் தந்தார்: சுற்றுக்கு வீணாகும் நொடிகளை ஒன்றரை மடங்காக்கி, 5 கூட்டி, சந்திப்பில் மிச்சமிருக்கும் கொள்திறனின் பங்கால் வகுக்க வேண்டும். வீணாவது 10 நொடி, நெரிசல் கொள்திறனில் 60 விழுக்காடு என்றால் தகுந்த சுற்று 50 நொடி. நெரிசல் 80 ஆனால் 100 நொடி. சுற்று இரட்டிப்பாகியும் பயன்படும் நேரம் 80 விழுக்காட்டிலிருந்து 90-க்குத்தான் ஏறுகிறது. சிவப்பில் நிற்பவரின் காத்திருப்போ ஏறத்தாழ இரட்டிப்பாகிறது.

வேகம் குறைவதெல்லாம் கேடும் அல்ல. 1935-இல் அமெரிக்கரான கிரீன்ஷீல்ட்ஸ் முன்வைத்த எளிய மாதிரிப்படி, தடையற்ற வேகத்தில் பாதிக்கு வரும்போதுதான் சாலை அதிகபட்ச வண்டிகளைக் கடத்துகிறது. அதற்கும் கீழே இறங்கினால் வேகமும் போகும், எண்ணிக்கையும் போகும். சிக்னலைத் தாண்டியதும் ஆள் ஏற்ற நிற்கும் ஒரு ஷேர் ஆட்டோ போதும், அந்த எல்லையைக் கடக்க. பின்னால் பச்சை எரிந்துகொண்டிருக்கும், வண்டி நகராது.

கரிசல் மண்ணின் பங்கும் இதில் உண்டு. மழையில் உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் இந்தக் களிமண்ணின் மேல் போட்ட தார் மேடுபள்ளமாகிவிடும். அதனால்தான் அடியில் சரளை நிரப்புவதும் சுண்ணாம்பு கலப்பதும். சந்திப்பில் லாரிகள் பிரேக் போட்டுப் போட்டே தாரை அலைபோல் தள்ளிவிடுகின்றன. நடுச்சாலைப் பள்ளத்தை விலகி ஓட்டிவிடலாம். நிறுத்தக்கோட்டுக்கு எதிரே கிடக்கும் பள்ளத்தில் ஒவ்வொரு பச்சைக்கும் முதல் வண்டி தயங்கும், அதன் பின்னால் நிற்பவை அத்தனையும் தயங்கும்.