‘இறந்தாரென ஊகிக்கப்படும்’: ஒரு சட்ட வாசகத்துக்கு உரை

இறப்புகளைப் பதிவதற்கான தற்காலிக ஏற்பாடுகளைக் கொண்டது இலங்கையின் 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். அதன் மைய வாசகம் வன்னியில் எத்தனையோ வீடுகளின் படலையைத் தட்டியிருக்கிறது. பகுதி பகுதியாகப் பார்ப்போம்.

‘காணாமற்போனவராக முறையிடப்பட்டு, இறந்தாரென ஊகிக்கப்படும் ஒருவர்’

ஆங்கில மூலத்தில் ‘பிரிசியூம்’. “அப்பிடித்தான் இருக்கும்” என்று நாங்கள் சொல்லும்போது அது நினைப்பு மட்டுமே, நாளைக்கு மாறலாம். சட்டத்தில் இச்சொல்லின் பலம் வேறு. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டப்படி, நீதிமன்றம் ஊகித்தேயாக வேண்டிய ஒன்று, பொய்யென எண்பிக்கப்படும்வரை எண்பிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். உடல் வேண்டாம், கண்டவர் வேண்டாம். மறுப்பவர்தான் ஆதாரம் தேட வேண்டும்.

‘உயிரோடிருந்தால் இயல்பாகவே அறிந்திருக்கக்கூடியவர்கள் ஓராண்டுக்கு மேலாக எதுவும் அறியாதிருத்தல்’

முழு வாசகமும் நிற்பது இதன்மீதுதான். சேதி அனுப்பக்கூடியவர் அனுப்பவில்லை, ஆகவே இல்லை என்பது இதன் தர்க்கம். கப்பலேறிப் போய்த் தகவலற்றுப் போனவருக்கு அது பொருந்தும். போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் தன் பிள்ளையைப் படையினரிடம் கையளித்தேன் என்று சொல்லும் தாய்க்கு எப்படிப் பொருந்தும்? அடைத்து வைக்கப்பட்டவரால் சேதி அனுப்ப முடியாது. அவரது மௌனத்தை மரணத்தின் அடையாளமாகக் கொள்வது நியாயமில்லை. பிள்ளையைக் கடைசியாக எங்கே, யாரிடம் விட்டேன் என்று அவளுக்குத் தெரியும். வாசகமோ அவளை ஒன்றும் அறியாதவளாக வைக்கிறது.

‘பயங்கரவாத, நாசகாரச் செயல் அல்லது உள்நாட்டுக் கலகம் காரணமாக’

மரணத்தோடு காரணத்தையும் உறவினரே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. படையினரின் காவலில் காணாமலாக்கப்பட்டார் என்று சொல்ல இந்த வரியில் இடமில்லை.

‘நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்கலாம்’

கட்டாயமில்லைத்தான். ஆனால் கணவன் பெயரிலுள்ள காணியை மாற்றவும் வங்கிக் கணக்கைத் திறக்கவும் மரணச் சான்றிதழ் கேட்கும்போது ‘கலாம்’ மெலிந்துவிடுகிறது. 2016இல் வந்த திருத்தம், இறந்தாரென்று எழுதாமல், ஆள் இல்லாதிருப்பதை மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு வழிவிட்டது. அது நல்ல திருத்தம். ஆனால் ஆறு வருடம் பிந்தியது.

ஊகம் மறுக்கப்படக்கூடியது என்கிறது சட்டம். மறுப்பதற்கு வேண்டிய ஆதாரம், கையேற்றவர்களின் பதிவேட்டில் இருக்க வேண்டியது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் போராட்டத்தைத் தொடங்கிய, காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார், சரணடைந்தோர் பட்டியலை வெளியிடச் சொல்லிக் கேட்டது அதனால்தான்.