கல்முனையிடம் கேட்காத கேள்வி

1988 செப்டம்பரில் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன வடக்கையும் கிழக்கையும் ஒரே மாகாணமாக இணைத்தார். கிழக்கில் எங்கள் ஊரான கல்முனையின் கடைத்தெரு முழுக்க அப்போது ஒரே கணக்குத்தான். கிழக்கில் முஸ்லிம்களாகிய நாங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வடக்கோடு சேர்ந்தால் ஐந்தில் ஒன்றுகூட வராது. வாப்பா மட்டும் கலங்கவில்லை. "நம்மளக் கேக்காம முடிவெடுக்க ஏலாது, வாக்கெடுப்பு இரிக்கி" என்பார். இந்திய–இலங்கை ஒப்பந்தப்படி அந்த டிசம்பர் 31க்குள் கிழக்கு மக்களிடம் சர்வசன வாக்கெடுப்பு நடத்த வேண்டும். ஆனால் ஒத்திவைக்கும் அதிகாரம் ஜனாதிபதியிடம் இருந்தது. ஒத்திவைப்பு 18 வருடம் நீண்டது.

1988 நவம்பரில் இணைந்த மாகாணத்தின் சபைக்குத் தேர்தல் நடந்தது. அஷ்ரஃபின் முஸ்லிம் காங்கிரஸ் 71 ஆசனங்களில் 17ஐ வென்றது. 1990இல் சபை போய்விட்டது, இணைப்பு மட்டும் நீடித்தது.

2006இல் கிழக்கைச் சேர்ந்த மூவர், அவர்களில் ஒருவர் முஸ்லிம், கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்தில் இணைப்பை எதிர்த்து அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார்கள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை சாதாரணக் குடிமகனையும் நாட்டின் உச்ச மன்றுக்கு நேரே கொண்டுபோகும். அதற்கு மேல் முறையிட இடமில்லை. ஒக்டோபர் 16இல் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையில் ஐவர் தீர்ப்பளித்தார்கள். போராளிக் குழுக்களின் ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு, மோதலும் நின்ற பிறகே இணைக்கலாம் என்பது மாகாண சபைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு. அது நடக்காததால், ஆயுதக் களைவு நடவடிக்கை தொடங்கியிருந்தாலே போதும் என்று ஜயவர்தன அவசரகால ஒழுங்குவிதியால் நிபந்தனையைத் தளர்த்தியிருந்தார். நாடாளுமன்றம் இட்ட நிபந்தனையை அப்படி மாற்ற அவருக்கு அதிகாரமில்லை, இணைப்புப் பிரகடனம் செல்லாது என்றது மன்று.

இந்தத் தர்க்கம் சரி என்றே நான் நம்புகிறேன். அவசரகாலச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு அந்தத் தர்க்கத்தின் பெறுமதி தெரியும்.

2007 ஜனவரி 1 முதல் கிழக்கு தனியானது. எங்கள் தெருவில் நிம்மதி. பக்கத்துப் பாண்டிருப்பில் தமிழ் நண்பர்கள் வீட்டில் துக்கம். இணைப்பே செல்லாதென்றான பின் அதைப் பற்றிய வாக்கெடுப்புக்கும் இடமில்லாமல் போயிற்று. 2008 மேயில் கிழக்கு மாகாண சபைக்கு வாக்களித்தோம். வடக்கோடா, தனியாகவா என்ற வாக்குச் சீட்டு மட்டும் எங்களில் எவர் கைக்கும் வரவில்லை.

அடுத்தடுத்த மாகாணங்களை இணைக்கும் அதிகாரம் 154அ உறுப்புரைப்படி இன்றும் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. அப்படியொரு சட்டம் மறுபடி வந்தால், வாக்கெடுப்புத் திகதி அதிலேயே எழுதப்பட வேண்டும். ஒத்திவைக்கும் அதிகாரம் யாருக்கும் கொடுக்கப்படக் கூடாது.