கடல் கடந்த ஆடற்கோயில்

தில்லைச் சிற்றம்பலத்தே ஐந்தொழிற் கூத்து இயற்றும் பெருமானை ஆடவல்லான் எனப் போற்றியவர் தமிழர். ஆடலை வழிபாடாகவே கொண்ட நாடு இது. தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்த முதலாம் இராசராசன், அங்குப் பணி செய்ய 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தினான். அவர்தம் பெயர்களையும், அவர்கள் முன்பு பணி செய்த கோயில்களையும், தஞ்சையில் அவர்களுக்கு அளித்த வீடுகளையும் அக்கோயிற் கல்வெட்டு முறையாகக் கூறுகின்றது. இவ்வாறு கோயில் நிழலில் வளர்ந்த கலை, கோயிலைப் பிரிந்த பின்னும், கடலைக் கடந்த பின்னும் எவ்வாறு வாழ்ந்தது? ஒரு குடும்பத்தின் வரலாறு இவ்வினாவிற்கு விடை பகரும்.

வீணை தனம்மாள் (1867–1938) சென்னையில் வாழ்ந்த இசைப் பேரறிஞர். அவர் மகள் ஜயம்மாள் சிறந்த பாடகர். ஜயம்மாளின் மகளாக 1918 மே 13-இல் பிறந்தவர் பாலசரஸ்வதி. இன்று நாம் காணும் நாட்டிய நிகழ்ச்சியின் வரிசை, சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்தியது. அந்நால்வர் மரபில் வந்த கந்தப்ப பிள்ளையே பாலசரஸ்வதியின் ஆசான். அவரது அரங்கேற்றம் 1925-இல் காஞ்சிபுரத்து அம்மன் கோயிலில் ஏழாம் வயதில் நிகழ்ந்தது. அன்னையின் பாட்டும் ஆசானின் தாளமுமே அவருக்குப் பள்ளியாயின. ஆடுபவர் பாடவும் வல்லவராதல் வேண்டும் என்பது அவர் கொண்ட உறுதி. பதங்களைத் தாமே பாடி அபிநயிப்பது அவர் வழக்கம்.

காலம் மாறியது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் 1947-இல் தடுத்தது. பெண்டிர்க்கு நேர்ந்த இழிவைத் துடைக்க எழுந்தது அச்சட்டம். ஆயினும் வழிவழியாகக் கலையைக் காத்த குடும்பங்கள் தங்கள் கலைக்குரிய இடத்தை இழந்தன என்பதும் உண்மையே. இனி இக்கலையைக் காப்பவர் யார், கற்பவர் யார் என்னும் கவலை எழுந்த காலம் அது.

அந்நாளில் கடலுக்கு அப்பாலிருந்து அழைப்பு வந்தது. 1961-இல் தோக்கியோவில் ஆடிய பாலசரஸ்வதி, 1962-இல் அமெரிக்கா சென்றார். 1963-இல் எடின்பரோ விழாவில் ஆடினார். கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் பலமுறை தங்கிக் கற்பித்தார். தம்பியர் இருவரும் அப்பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியராயினர்: ரங்கநாதன் மிருதங்கம் பயிற்றினார், விஸ்வநாதன் குழலும் பாட்டும் பயிற்றினார்.

அங்குக் கற்க வந்தவர் பலர் நம் மொழியறியார். நம் கோயில்களைக் கண்டறியார். நியூயார்க் நகரின் ப்ளஷிங் பகுதியில் எழுந்த மகா வல்லப கணபதி ஆலயம் குடமுழுக்குக் கண்டது 1977-இல்தான். ஆகவே கருங்கல்லாலான கோயிலுக்கு முன்பே ஆடலாலான கோயில் அந்நாட்டை அடைந்தது எனலாம்.

இது வெறும் உவமையன்று. 1975-இல் தமிழிசைச் சங்க மாநாட்டில் பாலசரஸ்வதியே நாட்டிய முறையைக் கோயிலமைப்போடு ஒப்பிட்டு விளக்கினார். அலாரிப்பு கோபுரவாயில், ஜதிஸ்வரம் அர்த்தமண்டபம், சப்தம் மகாமண்டபம், வர்ணம் இறைவன் உறையும் திருக்கோயில். பதங்களில் கருவறையின் குளிர்ச்சியும் அமைதியும் உண்டு. தில்லானா, மணியோசையும் ஆரவாரமும் சூழக் கர்ப்பூரம் காட்டும் வேளை. ஈற்றில் பாடும் சுலோகத்தால் அடியவர் இறைவனைத் தம் நெஞ்சில் இருத்திக்கொள்கின்றார். இவ்வரிசையில் ஒன்றைக் குறைப்பினும் மாற்றினும் வழிபாடு குறையுறும் என்பது அவர் கருத்து. அயல்நாட்டார்க்கு எளிதாகட்டும் என்று அவர் முறையைச் சுருக்கினாரல்லர். மொழியறியாதார்க்கும் பதங்களையே ஆடிக் காட்டினார். அவர்கள் உள்ளமும் உருகிற்று.

அவருடைய ஒரே மகள் லட்சுமி, அன்னையிடம் கற்று ஆடியும் கற்பித்தும் வந்தார். அமெரிக்காவில் மிருதங்கம் பயின்ற டக்ளஸ் நைட்டை மணந்தார். 1984-இல் பாலசரஸ்வதி மறைந்தபோது லட்சுமியின் மகன் அனிருத்தன் சிறு குழந்தை. பாட்டியாரிடம் கற்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் பாட்டியார் தந்ததைத் தாயிடமிருந்து பெற்றார். 2001-இல் தாயும் மறைந்தார். பெண்மக்கள் வழியே வந்த செல்வம், அமெரிக்கத் தந்தைக்குப் பிறந்த ஓர் ஆண்மகன் கைக்கு வந்தது. அவர் அதனை இரு நாடுகளிலும் ஆடினார்.

கலை மண்ணைப் பற்றி மட்டும் நிற்பதன்று. கற்பிப்போரின் பொறுமையையும் கற்போரின் பணிவையும் பற்றி நிற்பது. இன்று வெளிநாடுகளில் வாழும் நம் மக்கள் வாரந்தோறும் குழந்தைகளை நாட்டிய வகுப்பிற்கு அழைத்துச் செல்கின்றனர். அது போற்றத்தக்கதே. ஆயினும் பெருஞ்செலவில் அரங்கேற்றம் நடத்தி, அன்றோடு சலங்கையைப் பெட்டியில் வைத்துவிட்டால் மரபு அடுத்த தலைமுறையை எட்டாது. பாட்டின் பொருளைக் குழந்தை உணரவேண்டும். தானே பாடவும் வேண்டும்.

குடமுழுக்கு ஒருமுறை செய்து முடிவதன்று. பன்னீராண்டுக்கொருமுறை அட்டபந்தனம் புதுக்கி, திருக்குட நீராட்டிக் கோயிலுக்குப் புத்துயிர் ஊட்டுகின்றோம். ஆடற்கோயிலும் அத்தகையதே. ஒவ்வொரு தலைமுறையும் தன் கையால் அதற்குத் திருப்பணி செய்தல் வேண்டும். கோபுரம் எழுப்ப வாரி வழங்கும் அன்பர்கள், கோயிலிலே பிள்ளைகள் பாடவும் ஆடவும் கற்க ஒரு மண்டபத்தையும் நல்லாசிரியர்க்கு ஊதியத்தையும் அளிப்பாராயின், ஆடவல்லான் திருவுள்ளம் மகிழும். அவன் திருவருள் என்றும் துணை நிற்பதாக.