எத்தனை மில்லிமீட்டர்? – இளம்பெண்களின் கருப்பை வாய்ச் சிகிச்சை குறித்து

கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பைப் பற்றிப் பேசும்போது திருவனந்தபுரத்தை விட்டுவிட முடியாது. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையத்தில், அசிட்டிக் அமிலம் தடவி வெறுங்கண்ணால் பார்க்கும் எளிய சோதனை 1990களில் ஆராயப்பட்டது. அந்த ஆய்வில் ஈடுபட்ட ஆர். சங்கரநாராயணன், பின்னர் லியோனிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையிலிருந்து திண்டுக்கல் மாவட்டத்தில் பெரியதோர் ஆய்வை நடத்தினார். அதன் முடிவு 2007இல் லான்செட் இதழில் வெளியானது: சோதனை நடந்த பகுதிகளில் இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. செவிலியரே பார்த்து, தேவையானவர்களுக்குக் கோளாறுள்ள திசுவை உறையவைத்து அழிக்கும் கிரையோதெரபியும் கொடுத்தார்கள்.

ஆனால் அதில் சேர்ந்தவர்கள் 30 முதல் 59 வயது வரையிலான பெண்கள். இந்தியாவின் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தின் 2016 வழிகாட்டுதலும் 30 வயதில்தான் தொடங்குகிறது. பெரும்பாலும் பிள்ளை பெற்று முடித்தவர்களிடம் பலித்த ‘பார்த்ததும் சிகிச்சை’ முறையை, வெள்ளைப்படுதலுக்காகவோ குழந்தையின்மைக்காகவோ தனியார் மருத்துவமனைக்கு வந்து, பாப் ஸ்மியரில் மாற்றம் தெரிந்த 25 வயதுப் பெண்ணுக்கு அப்படியே பெயர்த்து வைக்கக் கூடாது என்பது என் வாதம். படிப்பும் வேலையும் முதல் பிரசவத்தைத் தள்ளிப்போடும் கேரளத்தில் இது ஏட்டுச் சிக்கல் அல்ல.

கருப்பை வாய்ச் செல்களில் புற்றுநோய்க்கு முன் தோன்றும் மாற்றமே சிஐஎன். அதில் இடைநிலையான சிஐஎன் 2ஐ எடுத்துக்கொள்வோம். 2018இல் பிஎம்ஜே இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, சிகிச்சையின்றிக் கண்காணிக்கப்பட்டவர்களில் பாதிப்பேருக்கு இரண்டாண்டில் அது தானாகவே மறைந்தது. 30 வயதுக்குட்பட்டோரில் 60 விழுக்காட்டினருக்கு மறைந்தது; 11 விழுக்காட்டினருக்கே முற்றியது. முற்றிய படியான சிஐஎன் 3 வேறு கதை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அதைச் சிகிச்சையின்றி வேடிக்கை பார்த்ததன் விளைவு 2008இல் கணக்கிடப்பட்டது: முப்பது ஆண்டுகளில் சுமார் 31 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய். ஆகவே காத்திருப்பு சிஐஎன் 3க்கு ஆகாது. வயதைக் காட்டி அதை நியாயப்படுத்தவும் முடியாது.

சிகிச்சை வேண்டும் என்றானபின் கேள்வி ஆழத்தைப் பற்றியது. கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பியில், அசிட்டிக் அமிலம் பட்டதும் கோளாறுள்ள இடம் ஒரு நிமிடத்தில் வெளுக்கும். அயோடின் தடவினால் நல்ல திசு கரும்பழுப்பாகும், கோளாறுள்ள இடம் கடுகு மஞ்சளாகவே நிற்கும். அந்த எல்லையைச் சுற்றி மின்கம்பி வளையத்தை ஓட்டித் திசுவை எடுப்பதுதான் லீப். வளையத்தின் அளவைத் தேர்ந்தெடுக்கும் கை, அந்தப் பெண்ணின் பிற்காலப் பிரசவத்தையும் ஓரளவு தேர்ந்தெடுத்துவிடுகிறது. 2016இல் பிஎம்ஜேயில் வந்த கிர்ஜியூ குழுவின் தொகுப்பு இதைக் காட்டுகிறது: 10–12 மி.மீ.க்கு மேற்படாமல் எடுத்தால் குறைப்பிரசவ வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் எடுத்தால் ஏறத்தாழ ஐந்து மடங்கு. (சிகிச்சை பெறாத சிஐஎன் உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து சற்றுக் கூடுதல்தான், முழுப் பழியையும் கம்பியின் மேல் போட முடியாது.)

குடும்பத்தார் கேட்பது, “இனிக் குழந்தை உண்டாகுமா?” என்று. உண்டாவதைச் சிகிச்சை தடுப்பதாகச் சான்றில்லை. கிர்ஜியூ குழுவே 2014இல் காட்டியது வேறு: நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையில் கரு கலைவது 0.4 விழுக்காட்டிலிருந்து 1.6 ஆக உயர்ந்தது. மாதம் நிறையும் வரை கரு தங்குமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கோளாறு முழுவதும் கண்ணுக்குத் தெரிந்து, உள்வாய்க்குள் நுழையாமல், புற்றுநோய் ஐயமும் இல்லையென்றால் கிரையோதெரபியோ, உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற வெப்பச் சிகிச்சையோ போதும். ஆய்வகத்துக்கு அனுப்பத் திசு கிடைக்காது என்பதே இவற்றின் குறை. இளம்பெண்ணுக்கு இம்மாற்றம் ஒன்றுக்காகவே கருப்பையை எடுப்பதைச் சிகிச்சை என்றே சொல்லக் கூடாது.

காத்திருக்கச் சொன்னால் பெண் திரும்ப வரமாட்டாள் என்பார்கள். வலுவான மறுப்பு. கல்யாணமானால் கணவன் ஊருக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவாள். மணமாகாத பெண்ணின் வீட்டு வாசலில் ஆஷா பணியாளர் நின்று, “பரிசோதனைக்கு வரலையே” என்றால் தெருவே காது கொடுக்கும். ஆனால் திரும்ப அழைக்க வழி செய்யாத குறைக்கு அவள் உடம்பை வெட்டுவது தீர்வாகாது. அவளுடைய சொந்தக் கைப்பேசி எண்ணும், எப்போது அழைக்கலாம் என்ற அவள் விருப்பமும் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கொரு முறை கால்போஸ்கோப்பி நடக்க வேண்டும். அது உறுதியாக நடக்காத இடத்தில் சிகிச்சையே மேல் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

மண்டலப் புற்றுநோய் மையமும் பிரசவத்துக்குப் பேர்போன எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன; ஒன்றின் குறிப்பு மற்றொன்றுக்குப் போய்ச் சேர வேண்டும். எந்த மருத்துவமனையில் லீப் செய்தாலும், எடுத்த திசுவின் ஆழத்தை மில்லிமீட்டரில் எழுதி, அந்தச் சீட்டைப் பெண்ணின் கையில் கொடுங்கள்; கர்ப்பப் பதிவின்போது அதைக் கேட்டு வாங்குங்கள். ஆழம் கூடியிருந்தால் ஐந்தாம் மாதத்துக்குள் ஸ்கேனில் கருப்பை வாயின் நீளத்தை அளந்துவிடலாம்.